பெயர் மட்டையும் எழுத்தும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் முன்பள்ளியில் 18 பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு பூப்படம் போட்ட பெயர் மட்டை செய்து சுவரில் ஒட்டியிருக்கிறோம். மூன்று மாதமாகிறது. தங்கள் மட்டையைச் சரியாகக் காட்டுகிறார்கள், ஆனால் அதிலுள்ள ஒரு எழுத்தைக்கூடச் சொல்கிறார்களில்லை. எங்கே பிழை?
- முன்பள்ளி ஆசிரியை, மானிப்பாய்

பதில்: பூப்படத்தில்தான். பிள்ளை பூவைப் பார்த்து மட்டையைக் காட்டுகிறது, எழுத்தைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் ஒரே வெள்ளை மட்டை, 30 சென்ரிமீற்றர் நீளம், 10 அகலம், ஒரே கறுப்பு மாக்கர், 5 சென்ரிமீற்றர் உயர எழுத்து. நிறம்கூட மாறக்கூடாது. சுவரில் ஒட்டவும் வேண்டாம். காலையில் மேசையில் கலைத்துப் பரப்பிவிடுங்கள். வருகிற பிள்ளை தன்னுடையதைத் தேடி எடுத்து வரவுப் பலகையில் கொழுவட்டும். தேடும்போதுதான் கண் எழுத்தில் நிற்கும்.

அடுத்தது ஒப்பிடுதல். கவினின் மட்டைக்கு நேர் கீழே கவிதாவின் மட்டையை வையுங்கள். 'க'வும் 'வி'யும் இரண்டிலும் ஒன்று, கடைசி எழுத்தில்தான் பெயர் பிரிகிறது. கவின் தவறுதலாகக் கவிதாவின் மட்டையைத் தூக்கி வந்தால் தயவுசெய்து ஏச வேண்டாம். முதல் இரண்டு எழுத்தையும் அவன் பார்த்துவிட்டான், அது நல்ல முன்னேற்றம். கடைசி எழுத்தில் விரலை வைத்து 'ன்', 'தா' என்று இரண்டையும் சொல்லிக் காட்டினால் போதும்.

பிறகு பெயரை இன்னொரு மட்டையில் எழுதி வெட்டுங்கள்: க, வி, ன். மூன்று துண்டு. அரவையும் (ா) விசிறியையும் (ி) கொம்பையும் (ெ, ே) தனியே வெட்டக்கூடாது. 'யோகிதா'வில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, காதுக்கு முதலில் கேட்பது யகரம். கொம்பைப் பிரித்தால் பிள்ளை அதற்கொரு ஒலி தேடும். 'ராகவி' போன்ற பெயர்களில் ரகரமும் அரவும் ஒரே மாதிரித் தெரியும். ரகரத்தின் கீழ்ச் சாய்கோட்டை நன்றாக இழுத்து எழுதுங்கள்.

பெயரைக் கைதட்டிச் சொல்ல வைப்பது நல்லது. ஆனால் தட்டை வைத்து எழுத்தை எண்ணாதீர்கள். 'க-வின்' இரண்டு தட்டு, எழுத்தோ மூன்று. 'ன்' போன்ற புள்ளி வைத்த மெய்யெழுத்துக்குத் தனித் தட்டு கிடையாது.

கேள்வி: பேரன் விஜயதசமிக்கு ஏடு தொடக்கி, 'ஆனா, ஆவன்னா' வரிசையாகச் சொல்கிறான். இப்போது முன்பள்ளியில் பெயரிலிருந்து படிப்பிக்கிறார்கள். வரிசை குழம்பாதா?
- ஓர் அம்மம்மா, கோண்டாவில்

பதில்: குழம்பாது அம்மா. வரிசையை அவன் பாட்டாகச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். ஆனால் பெயரை வாசிக்கும்போது ஒலியைச் சொல்லுங்கள். 'கானா, மானா, லாவன்னா' என்று எத்தனை தரம் சொன்னாலும் 'கமலா' வராது. 'க', 'ம', 'லா' என்றால் உடனே வரும். ஏடு தொடக்கிய அந்த அரிசித் தட்டையும் எடுத்து வைக்காதீர்கள். விரலால் இழுத்ததும் தட்டின் அடி தெரியுமளவுக்கு மெல்லிதாக அரிசியைப் பரப்பி, பெயரின் ஒரு எழுத்தை மட்டும் ஒரு நாளைக்கு எழுத விடுங்கள். தடிப்பாகப் பரப்பினால் கோடு மூடிவிடும்.

கேள்வி: மகனின் பெயர் ஹரிஷ். இரண்டு எழுத்து தமிழ் 247இல் இல்லையே, என்ன செய்வது?
- ஒரு தாய், சுன்னாகம்

பதில்: பெயரை மாற்றி எழுதாதீர்கள், அது அவனுடையது. ஹ, ஷ் இரண்டையும் அவன் பெயரின் எழுத்தாக அறிந்துகொள்ளட்டும். 'ரி'யிலிருந்து படிப்பைத் தொடங்குங்கள். அவன் பெயருக்கு முன்னால் வரும் அப்பாவின் முதலெழுத்தும் கையிலிருக்கிறது. 'ங', 'ழ' போன்றவை வகுப்பிலுள்ள எல்லாப் பெயர்களையும் சேர்த்தாலும் அரிதாகவே கிடைக்கும். அவற்றுக்கு 'மாங்காய்', 'யாழ்ப்பாணம்' என்று அதே அளவு மட்டையில் எழுதி, பெயர் மட்டைகளோடு கலந்து வையுங்கள்.