வீட்டு ஒயின், முட்டை நாற்றம், ஈரக்கல் வாசனை – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சிறு தயாரிப்பாளர்கள் ஒரே பீப்பாயில் அடங்கும் அளவில் செய்யும் ஒயின்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். இரண்டு கேள்விகள்.

கிறிஸ்துமஸுக்காக நானும் என் மனைவியும் வீட்டில் ஒயின் போட்டோம். குறிப்பு மாமியார் தந்தது. தேக்காவில் வாங்கிய விதையுள்ள கறுப்புத் திராட்சை 5 கிலோ, சீனி 2½ கிலோ, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் 5 லிட்டர், ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி. தினமும் திறந்து கிளறினோம். நான்காம் நாள் அழுகிய முட்டை நாற்றம். மூன்று வாரம் கழித்து வடிகட்டினால் இனிப்பு இருக்கிறது, ஆனால் வாயில் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. இப்போது மேலே நகப்பூச்சு வாடை அடிக்கிறது. எங்கே தவறினோம்?

இரண்டாவது, கடைகளில் விற்கும் சிறு தயாரிப்பு ஒயின்களின் போத்தலில் ‘ஈரக்கல், வெள்ளைப் பூக்கள், லிச்சி’ என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அதெல்லாம் உண்மையிலேயே உள்ளே இருக்கிறதா? இல்லை, விற்பதற்காக எழுதுவதா? நாங்கள் செய்ததைப் பற்றி நாங்களே எழுத வேண்டுமென்றால் எப்படி எழுதுவது?

சிங்கப்பூர் பிடோக்கிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே கேள்விதான். சிறு அளவில் ஒயின் செய்பவர் தொட்டியருகே எடுக்கும் ஒவ்வொரு முடிவும் மணமாகவோ சுவையாகவோ கோப்பையில் வந்து நிற்கும். போத்தலில் எழுதும் சொல் அந்த முடிவைச் சுட்ட வேண்டும். எதையும் சுட்டாத சொல்லை அடித்துவிடலாம்.

முதலில் உங்கள் ஜாடி. 5 கிலோ திராட்சையில் மூன்றரை லிட்டர் சாறு தேறும். சாப்பிடும் திராட்சையின் இனிப்பு 17 பிரிக்ஸ் (100 கிராம் சாற்றில் 17 கிராம் சர்க்கரை) என்று வைத்துக்கொண்டால், அதில் ஏற்கெனவே ஏறத்தாழ 640 கிராம் சர்க்கரை இருக்கிறது. நீங்கள் போட்ட சீனியையும் தண்ணீரையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 10 லிட்டர்; லிட்டருக்கு 310 கிராம் சர்க்கரை. 17 கிராம் சர்க்கரைக்கு 1 விழுக்காடு மதுசாரம் என்ற கணக்கில் அது 18 விழுக்காட்டை எட்ட வேண்டும். ரொட்டி ஈஸ்ட் அவ்வளவு தூரம் போகாது, பெரும்பாலும் 12-ஐ ஒட்டிப் படுத்துவிடும். மிச்சச் சர்க்கரைதான் நீங்கள் உணர்ந்த இனிப்பு. புளிப்பைப் பாருங்கள்: லிட்டருக்கு 5 கிராம் அமிலம் கொண்ட சாற்றைத் தண்ணீர் விட்டு மூன்று மடங்காக்கினால் 2 கிராமுக்கும் கீழே போய்விடும். நல்ல ஒயினில் 6, 7 கிராம் இருக்கும். துவர்ப்புத் தரும் டானினுக்கும் அதே கதி.

முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் போதாதபோது அதை வெளிவிடும். சாற்றிலிருந்த கொஞ்ச நைட்ரஜனையும் தண்ணீர் மூன்றில் ஒரு பங்காக்கிவிட்டது. சர்க்கரைச் சுமையோ ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியது. கோதுமை அந்தக் குறையை நிரப்பாது, மாவுக் கலங்கலைத்தான் விட்டுச்செல்லும். அந்த நாற்றம் வந்த அன்றே ஒயினை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத்திலிருந்து சலசலவென ஊற்றி, கொஞ்சம் ஈஸ்ட் உணவு சேர்த்திருந்தால் பெரும்பாலும் போயிருக்கும். வாரக்கணக்கில் விட்டால் வேறு கந்தகச் சேர்மங்களாக மாறி வெங்காயம், ரப்பர் போல ஒட்டிக்கொள்ளும். அதை ஊற்றி எடுக்க முடியாது. செம்புப் பாத்திரத்தில் வைத்தால் நாற்றம் போகும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒயினின் புளிப்பு செம்பைக் கரைக்கும். எவ்வளவு கரைந்தது என்று வீட்டில் அளக்க வழியில்லை.

நகப்பூச்சு வாடை எத்தில் அசிடேட். நொதித்தல் ஓய்ந்த பிறகும் தினமும் மூடி திறந்ததால் வந்தது. நுரை பொங்கும் நாட்களில் கரியமில வாயு மேலே போர்வையாக நிற்கும், அப்போது கிளறுவது நல்லது. அது அடங்கியதும் காற்று உள்ளே புகும். காடி பாக்டீரியாவுக்குக் காற்றும் 30 டிகிரி சூடும் இருந்தால் வேறொன்றும் வேண்டாம். அந்த ஜாடியை ஒயினாக மீட்க முடியாது. பிளாஸ்டிக் வாளியில் போட்டிருந்தால் வாளியையும் இனி ஒயினுக்கு எடுக்காதீர்கள்.

மறுபடி போடுவதற்கு முன் சட்டம்: சொந்தப் பயனுக்காக ஒரு வீட்டில் மாதம் 30 லிட்டர் வரை உரிமமில்லாமல் நொதிக்கவைக்கச் சிங்கப்பூர்ச் சுங்கத்துறை அனுமதிக்கிறது. செய்பவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கவே கூடாது.

8 கிலோ திராட்சை வாங்குங்கள். ஒரு 5 லிட்டர் கண்ணாடிக் குடுவை நிறைய அது போதும். தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். கப்பலிலோ விமானத்திலோ பெட்டியில் வரும் திராட்சையில் பூஞ்சை வராமலிருக்கக் கந்தக டைஆக்சைடு வெளிவிடும் தாள் வைத்திருப்பார்கள். ஆகவே பழத்தோலில் இருக்கும் இயற்கை ஈஸ்ட்டை நம்புவது இங்கே சூதாட்டம். காம்பு நீக்கி, கழுவி, ஈரம் உலர்த்தி, ஒரு வாளியில் கையால் நசுக்குங்கள். மிக்சியில் அடித்தால் விதை உடைந்து கசப்பு இறங்கும்.

நசுக்கிய கூழுக்கு, கந்தக டைஆக்சைடு தந்து கெட்ட கிருமிகளை அடக்கும் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் 0.6 கிராம் தேவை. சமையல் தராசில் இது நிற்காது. 10 கிராமைத் தண்ணீரில் கரைத்து 100 மில்லியாக்கி, ஊசியில்லாத மருந்துக் குழலால் 6 மில்லி எடுத்தால் அளவு சரியாக வரும். சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்தில் வேண்டாம். பன்னிரண்டு மணி நேரம் விட்டு, சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் பாருங்கள். 1.070 அளவில் இருக்கும். சுமார் 300 கிராம் சீனி அதை 1.090 பக்கம் கொண்டுவரும், அங்கிருந்து 0.996 வரை இறங்கினால் மதுசாரம் 12 விழுக்காட்டுக்குச் சற்று மேல். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் (எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 3.7, 3.8 என்று காட்டினால் டார்டாரிக் அமிலத்தை லிட்டருக்கு 1 கிராமாகச் சேர்த்து, 3.5-க்குக் கொண்டுவாருங்கள். பிஎச்சை அலட்சியம் செய்யாதீர்கள். ஒயினைக் காக்க 3.5-இல் லிட்டருக்கு 40 மில்லிகிராம் தனிக் கந்தக டைஆக்சைடு (ஒயினில் வேறெதனுடனும் சேராமல் நிற்பது) போதுமென்றால், 3.8-இல் 80 வேண்டும்.

ஈஸ்ட் 2 கிராம். பத்து மடங்கு வெதுவெதுப்பான தண்ணீரில், 38 டிகிரி அளவில், 15 நிமிடம் ஊறவைத்துச் சேருங்கள். இங்குள்ள வெப்பத்துக்கு கே1-வி1116 என்ற ஒயின் ஈஸ்ட் தாங்கும். பூவாசம் தரும் டி47 வகை 20 டிகிரிக்கு மேல் போனால் கெட்ட வாடை தரும், அதைத் தொடாதீர்கள். ஈஸ்ட் உணவான டைஅமோனியம் பாஸ்பேட்டை லிட்டருக்கு கால் கிராமாக மறுநாள் ஒருமுறை, மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை கரைந்ததும் இன்னொருமுறை கொடுங்கள். பாதிச் சர்க்கரை கரைந்த பிறகு கொடுத்தால் ஈஸ்ட் எடுத்துக்கொள்ளாது. பிறகு வரும் பாக்டீரியாவுக்கு விருந்தாகிவிடும். வீவக அடுக்குமாடி வீட்டுப் பகல் சூட்டைத் தணிக்க, வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து உறைந்த தண்ணீர்ப் போத்தல்களை மாற்றி மாற்றிப் போட்டால் 25, 26 டிகிரியில் நிற்கும். மேலே மிதக்கும் தோலை ஒரு நாளைக்கு மூன்று முறை அமுக்கிவிடுங்கள். 1.010-க்கு வந்ததும் பிழிந்து, குடுவையில் கழுத்துவரை நிரப்பி, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக் மூடியைப் பூட்டுங்கள். மூன்று வாரம் கழித்து வண்டலை விட்டுத் தெளிவை மட்டும் குழாயால் மாற்றுங்கள். அதன் பிறகு மூடிக்கும் ஒயினுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிகூட இருக்கக் கூடாது.

இனி, தனித்தன்மை எங்கே வருகிறது? பெரிய ஆலையில் பல தோட்டத்துச் சாறும் ஒன்றாகிச் சராசரியாகிவிடும். சிறு தயாரிப்பாளர் கலக்காமல் வைக்கிறார். பிரான்சின் போர்தோ பாணிப் பீப்பாய் 225 லிட்டர், அதில் 300 போத்தல். ஒரே தோட்டத்தின் மேட்டுப் பகுதியைத் தனியாகப் பறித்து ஒரு பீப்பாயில், நான்கு நாள் கழித்துப் பறித்ததை இன்னொன்றில் போடுவார். அங்கே ரோன் பள்ளத்தாக்கின் கோட்-ரோட்டியில் கறுப்பு சிரா திராட்சையோடு வெள்ளை வியோனியே திராட்சையைச் சேர்த்தே நொதிக்கவைப்பது வழக்கம். விதிப்படி 20 விழுக்காடு வரை சேர்க்கலாம், பெரும்பாலோர் அதைவிட மிகக் குறைவாகவே சேர்ப்பார்கள். அதனால் நிறம் நிலைத்து, ஆப்ரிகாட் பழ மணமும் ஏறும். ஜார்ஜியாவில் மண்ணில் புதைத்த க்வெவ்ரி என்ற களிமண் தாழிகளில் வெள்ளைத் திராட்சையைத் தோலோடு மாதக்கணக்கில் வைக்கிறார்கள். வெள்ளைத் திராட்சை ஒயினில் டானின் வருவது அப்படித்தான். இந்த முறையை 2013-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. பிரான்சின் போஷொலே பகுதியில் முழுக்குலையைக் கரியமில வாயுவில் அடைத்து வைப்பதால் வாழைப்பழ வாசனை வருகிறது.

உங்கள் 8 கிலோவிலும் இதைச் செய்யலாம். பாதியை மூன்றாம் நாள் பிழியுங்கள், மீதியை ஏழாம் நாள். இரண்டையும் தனித்தனிக் குடுவையில் நிறைய ஊற்றி வைத்துக் குடித்துப் பாருங்கள். துவர்ப்பு எந்த நாளில் ஏறுகிறது என்று எந்தப் புத்தகமும் உங்கள் பழத்துக்குச் சொல்லாது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை கிடைத்தால் இன்னும் நல்லது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இது ஹாம்பர்க் மஸ்கட் இனம். மணம் மிகுந்தது, தோல் நிறம் மென்மையானது. அதை ஏழு நாள் ஊறவிட வேண்டாம்.

இப்போது சொற்கள். லிச்சி மணம் பொய்யில்லை. கெவுர்ஸ்ட்ராமினர் திராட்சையிலும் லிச்சிப்பழத்திலும் சிஸ்-ரோஸ் ஆக்சைடு என்ற ஒரே சேர்மம் இருக்கிறது. சிராவின் கருமிளகு மணத்துக்கு ரோட்டண்டோன் என்ற சேர்மம் காரணம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதை 2008-இல் வெளியிட்டார்கள். நம் மிளகிலும் அதுவேதான். ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் தெரியவே தெரியாது, ஆகவே உங்களுக்குத் தெரியாவிட்டால் உங்கள் மூக்கைக் குறை சொல்ல வேண்டாம். ஓக் பீப்பாய் தேங்காய், வனிலா, கிராம்பு வாசனை தரும். ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் முதிர்ந்தால் மண்ணெண்ணெய் வாடை வருவதும் உண்டு. ‘ஈரக்கல்’ விஷயத்தில் உங்கள் சந்தேகம் சரி. வேர் கல்லின் சுவையை உறிஞ்சிப் பழத்தில் வைப்பதில்லை. பெரும்பாலும் தூக்கலான புளிப்பையும் மெல்லிய கந்தகச் சேர்மங்களையும் அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். நேராகப் புளிப்பு என்றே எழுதலாம்.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆன் நோபிள் 1984-இல் வெளியிட்ட, ஒயின் மணங்களை வகைவகையாக வட்டத்தில் அடுக்கிய மணச் சக்கரத்தின் பயன் எனக்கு அதன் பட்டியலில் இல்லை, பயிற்சி முறையில் இருக்கிறது. மலிவான, வாசனை அதிகமில்லாத வெள்ளை ஒயினைச் சில கோப்பைகளில் 50 மில்லி வீதம் ஊற்றுங்கள். ஒன்றில் பச்சைக் குடைமிளகாய்த் துண்டு, ஒன்றில் ஒரே ஒரு கிராம்பு, ஒன்றில் கொய்யாத் துண்டு, ஒன்றில் வறுத்த வெந்தயம் நாலைந்து. மூடிவைத்துப் பத்து நிமிடத்தில் வெளியே எடுத்துவிட்டு முகருங்கள். குடைமிளகாய், பழுக்காத கபர்னே திராட்சையின் அடையாளம். கொய்யா, சாவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையில் வரும் தையால் எனும் கந்தகச் சேர்மங்களின் மணம். வெந்தயத்தின் மணம் சோட்டோலோன். பிரான்சின் ஜூரா பகுதியில் பீப்பாயில் ஆறு ஆண்டுக்கு மேல் வைக்கும் மஞ்சள் ஒயினிலும் அதே சேர்மம்தான். ஐரோப்பியர் அதை அக்ரோட்டு என்றும் கறித்தூள் என்றும் எழுதுவார்கள். நம் சமையலறையில் அதற்கு நேரான சொல் இருக்கும்போது நாம் கடன் வாங்க வேண்டியதில்லை.

எழுதும்போது முதலில் கட்டமைப்பு: இனிப்பு உண்டா, புளிப்பு எவ்வளவு, துவர்ப்பு ஈறில் நிற்கிறதா நாவில் நிற்கிறதா, விழுங்கியதும் மதுசாரம் சுடுகிறதா. அதற்குப் பின் மணம், மூன்றுக்கு மேல் வேண்டாம். ‘நேர்த்தியான, ஆழமான, மயக்கும் ஒயின்’ என்பதை எந்தப் போத்தலிலும் ஒட்டலாம், ஆகவே எதற்கும் பயனில்லை. உங்கள் அடுத்த ஒயினுக்கு இப்படி எழுதலாம்: ‘கறுப்புத் திராட்சை, தண்ணீர் சேர்க்காதது. தோலோடு மூன்று நாள், அதனால் நிறம் வெளிறியது, துவர்ப்பு குறைவு. சர்க்கரை மிச்சமில்லை. ரோஜா, நாவல்பழம், கடைசியில் லேசான கிராம்பு. 12 விழுக்காடு.’ நாவல்பழத்தின் துவர்ப்பும் மணமும் அதில் உண்மையாகவே இருந்தால் மட்டும் அந்தச் சொல்லை வையுங்கள். பட்டை கிராம்பு போட்டிருந்தால் போட்டதாகவே எழுதுங்கள்; ஓக் தந்த மணமென்று படிப்பவர் எண்ணிவிடக் கூடாது.

சுவைக்கும் சூடும் முக்கியம். வீட்டு மேசையில் 30 டிகிரியில் இருக்கும் சிவப்பு ஒயினில் மதுசாரம்தான் முதலில் மூக்கில் ஏறும், பழ மணம் அமுங்கிப்போகும். குளிர்பதனப் பெட்டியில் குளிரவைத்து 16, 18 டிகிரியில் ஊற்றுங்கள். நீங்களும் மனைவியும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுதி, இருவரும் எழுதிய சொல்லை மட்டும் சீட்டில் ஏற்றுங்கள். போத்தல்களைப் பெட்டியின் கீழ்த்தட்டிலேயே வைத்து ஆறு மாதத்துக்குள் குடித்துவிடுங்கள். அறைச் சூட்டில் கந்தகக் காப்பு அதைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அன்புடன்,
அக்கா