76.5 கோடி டாலர் ஒப்பந்தம், ஆனாலும் ப்ளேஆஃப் இல்லை: பேஸ்பால் ரசிகர்கள் ஏமாற்றப்படுகிறார்களா?

கேள்வி கேட்ட நீங்கள் 76.5 கோடி டாலர் என்று தொகையை மட்டும் எழுதிவிட்டு ஆட்டக்காரரின் பெயரை விட்டுவிட்டீர்கள். நியூயார்க்கில் அந்தத் தொகையைச் சொன்னாலே போதும், பெயர் தேவையில்லை. 2024 டிசம்பரில் நியூயார்க்கின் பேஸ்பால் அணியான மெட்ஸ், ஹுவான் சோட்டோவை 15 ஆண்டுகளுக்கு அந்தத் தொகைக்கு ஒப்பந்தம் செய்தது. 2025 செப்டம்பர் 28 அன்று, பருவத்தின் கடைசி ஆட்டத்தில் மயாமியிடம் 4-0 என்று தோற்று, ப்ளேஆஃபுக்குள், அதாவது கோப்பைக்கான இறுதிச் சுற்றுகளுக்குள், நுழையாமலே வீடு திரும்பியது. இந்தச் சம்பளங்கள் நியாயமானவையா, ரசிகர்கள் ஏமாற்றப்படவில்லையா என்பதுதான் உங்கள் கேள்வி. நீங்கள் இங்கே வந்து ஓரிரு ஆண்டுகளே ஆகியிருக்கும் என்றும், அலுவலகத் தோழர் யாரோ ஒருவர் உங்களுக்கு இந்த நோயைத் தொற்றவைத்திருக்கிறார் என்றும், அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை உங்களுக்கு இரவு உணவு இறங்கவில்லை என்றும் ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன். ஊகம் தவறானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வரிக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். எந்த ஆட்டக்காரருக்கும் வக்காலத்து வாங்க வேண்டிய தேவை எனக்கு இல்லை, அணி முதலாளிகளுக்குச் சாமரம் வீச வேண்டிய தேவை அதைவிடவும் இல்லை. "கிரிக்கெட்டை விட்டுவிட்டு வெள்ளைக்காரன் கிட்டிப்புள்ளுக்கு இவ்வளவு நீளப் பதிலா" என்று கேட்கவிருப்பவர்களுக்கும் என்னிடம் பதில் இல்லை. ஃப்ளஷிங்கில் பௌன் தெரு விநாயகர் கோயிலுக்குப் பக்கத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கிறேன். அங்கிருந்து மெட்ஸ் மைதானம் கூப்பிடு தூரம். ஆட்ட நாட்களில் கோயில் அடித்தள உணவகத்தில் தோசைக்கு வரிசையில் நிற்பவர்களில் ஒருவராவது மெட்ஸின் நீலமும் ஆரஞ்சுமான தொப்பி அணிந்திருப்பார். அந்தச் சூழலில் வாழ்பவன் வேறு எந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுவான்?

இனி உங்கள் கேள்வி. நீங்கள் போட்ட கணக்கை நானும் ஒரு காலத்தில் போட்டேன். 2007 செப்டம்பர் 30, மெட்ஸின் அப்போதைய ஷே மைதானம், மேல் அடுக்கு. என்னோடு வந்தவர் எங்கள் அறைவாசிகளில் மூத்தவரான திருநெல்வேலி அண்ணாச்சி. பந்தின் போக்கையும் ஆட்ட விதிகளையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். மைதானத்தின் தலைக்கு மேலேயே லகார்டியா விமானங்கள் தாழப் பறக்கும். ஒவ்வொன்றும் கடக்கும்வரை பேச்சை நிறுத்திவிட்டு, விட்ட சொல்லிலிருந்தே தொடர்வது அவருடைய வழக்கம். பதினேழு ஆட்டங்கள் மீதமிருந்தபோது எங்கள் அணி ஏழு ஆட்டங்கள் முன்னிலையில் இருந்தது. அங்கிருந்து தோற்பதற்குத் தனித் திறமை வேண்டும், அந்தத் திறமை எங்களிடம் நிறையவே இருந்தது. ஆயினும் முந்தைய நாள் 13-0 என்று வென்று பிலடெல்பியாவோடு மீண்டும் சமநிலைக்கு வந்திருந்தோம். பந்து வீச வந்தவர் டாம் கிளாவின். அதே ஆண்டு ஆகஸ்டில் தம்முடைய 300ஆவது வெற்றியைப் பெற்றவர். அவரைவிட நம்பத்தக்க கை யாருடையது?

முதல் இன்னிங்ஸ் முடியும்வரைகூட அவர் நிற்கவில்லை. ஒன்பது பேருக்குப் பந்து வீசி, ஒருவரை மட்டுமே ஆட்டமிழக்கச் செய்து, ஏழு ரன்களைக் கொடுத்துவிட்டு வெளியேறினார். அதில் ஒரு காட்சி இன்றும் கண்ணிலிருந்து அகலவில்லை. மூன்று பேஸ்களிலும், அதாவது ரன் எடுக்க ஓடுகிறவர்கள் தங்கி நிற்கும் இடங்களில், ஆட்கள் நிறைந்திருக்கும் நிலையில், மட்டை பிடித்து நின்றவர் ஃப்ளோரிடாவின் பிட்சர் டான்ட்ரெல் வில்லிஸ். அதாவது எதிரணியின் பந்துவீச்சாளர். அவர் மீதே பந்து பட்டுவிட, அவர் நடந்தே முதல் பேஸுக்குப் போனார், ஒரு ரன் இலவசமாக ஏறியது. அண்ணாச்சி அந்தக் கணத்தில் எதுவும் சொல்லவில்லை. மடியில் இருந்த காராச்சேவுப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் எழுந்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன், ஆனால் அதில் அந்த மனிதரின் சம்பளம் இருந்தது.

திரும்பி வருகையில் ஏழாம் எண் ரயிலில் நுழைவுச்சீட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன். ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி டாலர். பருவம் முழுவதும் அவர் ஆட்டமிழக்கச் செய்தவர்கள் ஏறத்தாழ 600 பேர். ஆக ஒருவருக்கு 16,000 டாலருக்கு மேல். அப்போது என் மாதச் சம்பளம் அதில் நான்கில் ஒரு பங்கு. அடுத்த நாள் செய்தியில், தமக்கு ஏமாற்றமே தவிர நொறுங்கிப்போகவில்லை என்ற பொருளில் கிளாவின் பேசியிருந்ததைப் படித்தபோது, தோல்வி தராத ஆத்திரத்தை அந்த ஒரு வாக்கியம் தந்தது. அவர் சொன்னதில் தவறே இல்லை, வாழ்க்கையில் இதைவிடப் பெரிய துயரங்கள் உண்டு என்பதைத்தான் அவர் சொன்னார். ஆனால் ஒரு கோடி டாலர் வாங்கியவர், ஐம்பது டாலர் கொடுத்த என்னைவிட அதிகமாக அழ வேண்டும் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன். சம்பளத்தை நாம் வெற்றிக்கான விலையாகக் கருதுவதாகச் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் அதை அவர்களுடைய துக்கத்துக்கு நாம் கொடுத்த கூலியாகத்தான் கணக்கில் வைத்திருக்கிறோம். இதை நான் ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

சோட்டோவுக்கு வருவோம். சராசரியாக ஆண்டுக்கு 5.1 கோடி டாலர், 162 ஆட்டங்களுக்குப் பிரித்தால் ஓர் ஆட்டத்துக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல். மனம் பதறத்தான் செய்கிறது. ஆனால் அந்த மனிதர் 2025இல் 43 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்சர் போல) அடித்தார், பிட்சர் அசந்த நேரம் பார்த்து ஓடி 38 பேஸ்களைத் திருடினார். அணி விழுந்தது அவரால் அன்று. ஜூன் 12 அன்று மெட்ஸ் 45 வெற்றி, 24 தோல்வி என்ற நிலையில் இருந்தது. அன்றைய ஆட்டத்திலேயே எங்கள் பிட்சர் கோடாய் செங்கா முதல் பேஸுக்கு ஓடிவந்து, உயரமாக வந்த பந்தை எட்டிப் பிடிக்கையில் தொடைத் தசையில் காயமுற்றார். அன்றிலிருந்து 38 வெற்றி, 55 தோல்வி. பிட்சர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சரிந்தபோது தாங்கிப் பிடித்தவர் ஆகஸ்ட் நடுவில் கீழ்மட்டக் குழுவிலிருந்து முதன்முறையாக மேலே அழைக்கப்பட்ட நோலன் மெக்லீன். புதிதாக வருகிறவர்களுக்கான குறைந்தபட்சச் சம்பளம் அந்த ஆண்டில் முழுப் பருவத்துக்கு 7,60,000 டாலர். அவருக்கு அதில் ஒன்றரை மாதப் பங்குதான். செப்டம்பரில் நான் நம்பிக்கையோடு தொலைக்காட்சி முன் உட்கார்ந்ததெல்லாம் அவர் வீசிய நாட்களில் மட்டுமே.

இதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் என்று நினைக்கிறேன். பேஸ்பாலில் ஒருவர் தம் திறமை உச்சத்தில் இருக்கும் வயதில் தம் விலையைத் தாமே கேட்க முடியாது. முதல் மூன்று ஆண்டுகள் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே கிடைக்கும். அடுத்த மூன்று ஆண்டுகள், சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவரின் (ஆட்ட நடுவர் அல்லர்) தீர்ப்பு நிழலில் பேரம். ஆறு ஆண்டுப் பணி முடிந்த பிறகுதான் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை. அந்த உரிமையும் சும்மா வந்ததன்று. 1969இல் தம்மைக் கேட்காமலே பிலடெல்பியாவுக்கு மாற்றியதை எதிர்த்து கர்ட் ஃப்ளட் என்ற ஆட்டக்காரர் உச்ச நீதிமன்றம்வரை போய் 1972இல் தோற்றார், அதற்காகத் தம் ஆட்ட வாழ்க்கையையே இழந்தார். மார்வின் மில்லரின் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் 1975 இறுதியில் அத்தகைய தகராறு நடுவரின் தீர்ப்பு மூலம், ஆட்டக்காரரை ஒரே அணியோடு கட்டிப்போட்டிருந்த அந்தப் பூட்டை உடைத்தது. கீழ்மட்டக் குழுக்களில் ஆடுகிறவர்களின் நிலை இன்னும் மோசம். 2022வரை அவர்களுக்குச் சங்கமே கிடையாது. மேலே ஏற ஒரே படி பாக்கி இருக்கும் டிரிபிள்-ஏ நிலையில் இருப்பவருக்கே 2023 ஒப்பந்தத்தில்தான் ஆண்டுக்கு 35,800 டாலர் ஆயிற்று. சோட்டோவின் தொகையைப் பார்த்துக் கொதிப்பவர்கள் ஒருவரும் இந்தத் தொகையைப் பார்த்துக் கொதித்ததை நான் பார்த்ததில்லை.

"அப்படியானால் சம்பளத்துக்கு உச்ச வரம்பு வைக்க வேண்டியதுதானே, ஐ.பி.எல்.லில் இல்லையா" என்று பின்னூட்டத்தில் நிச்சயம் ஒருவர் கேட்பார். உண்டு, 2025 பருவத்துக்கு ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய், அதற்குள்தான் ரிஷப் பந்துக்கு 27 கோடி. இங்கே வரம்பு இல்லை, வரிதான் உண்டு. 2025இல் 24.1 கோடி டாலரைத் தாண்டிய தொகைக்கு அணிகள் அபராத வரி கட்ட வேண்டும்; 34 கோடி டாலர் அளவில் செலவிட்ட மெட்ஸ் முதலாளி ஸ்டீவ் கோஹன் வரியாக மட்டும் சுமார் 9 கோடி டாலர் கட்டினார். வரம்பு வேண்டும் என்று முதலாளிகள் பிடிவாதம் பிடித்ததால்தான் 1994 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் மூண்டு, அந்த ஆண்டு சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரே நடக்காமல் போனது. முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. அதே சண்டை மறுபடி வரும். சோட்டோவுக்குக் கொடுக்காமல் மிச்சமாகும் பணம் உங்கள் நுழைவுச்சீட்டின் விலையைக் குறைக்கும் என்று நினைத்தால், ஒரு கணக்கனாகச் சொல்கிறேன், குறைக்காது. சீட்டின் விலையை நிர்ணயிப்பது வாங்க வரும் கூட்டத்தின் அளவு.

ரசிகர் ஏமாற்றப்படும் இடம் வேறு ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் மாமியார் எங்களோடு இருந்தபோது தமிழ்த் தொடர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக ஒரு கேபிள் இணைப்பு எடுத்தேன்; அந்தப் பட்டியலில் உள்ளூர் அணிகளின் ஆட்டங்களைக் காட்டும் அலைவரிசைகளுக்காக "வட்டார விளையாட்டுக் கட்டணம்" என்று ஒரு வரி மாதந்தோறும் வந்தது. பேஸ்பாலா கால்பந்தா என்று அறியாத அந்த அம்மாளும் மெட்ஸ் பிட்சர்களுக்குப் படியளந்திருக்கிறார். நீக்கச் சொல்லி மூன்று முறை தொலைபேசியில் மன்றாடினேன், நீக்க முடியாத கட்டணம் என்றார்கள்.

பணத்துக்கும் வெற்றிக்கும் தொடர்பே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. பணத்தை ஆறாக ஓடவிட்ட லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 2024இலும் 2025இலும் உலகத் தொடரை வென்றது. அதே 2025இல் 97 வெற்றிகளோடு முப்பது அணிகளிலும் முதலிடம் பெற்ற மில்வாக்கியும், எங்களை முந்திக்கொண்ட சின்சினாட்டியும், எங்கள் பட்டியலில் பாதியைக்கூடச் செலவிடவில்லை. பணம் 162 ஆட்டங்களின் சராசரியைச் சற்று உயர்த்தும், அவ்வளவே. கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குச் சராசரி கிடையாது. சின்சினாட்டியும் அன்று மில்வாக்கியிடம் தோற்றது. நாங்கள் வென்றிருந்தால் உள்ளே போயிருப்போம். இரண்டு அணிகளும் 83 வெற்றியில் சமமாக நின்றன; பருவத்தில் எங்களோடு ஆடிய ஆறு ஆட்டங்களில் நான்கை அவர்கள் வென்றிருந்ததால் இடம் அவர்களுக்குப் போனது.

அன்று ஐந்தாவது இன்னிங்ஸில் பேஸ்கள் நிறைந்திருக்க, பீட் அலோன்சோ மட்டையிலிருந்து பந்து தெறித்த சத்தத்தில் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அது நேராக இடப்புறத் தடுப்பாளரின் கைக்குப் போனது. கடைசியில் ஃபிரான்சிஸ்கோ லிண்டோர் அடித்த பந்தில் இருவர் ஒருசேர ஆட்டமிழந்த டபுள் பிளேயில் ஆட்டம் முடிந்தது. அவரும் பத்து ஆண்டுகளுக்கு 34.1 கோடி டாலர் பெறுகிறவர்தாம். ஏறத்தாழ ஓராண்டுக்கு முன், 2024 செப்டம்பர் 30 அன்று அட்லாண்டாவில் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து எங்களை ப்ளேஆஃபுக்குள் கொண்டுபோனவரும் அவரே. அதே ஆள், அதே சம்பளம். 2024இல் யாரும் ரயிலில் கணக்குப் போடவில்லை, நானும் போடவில்லை.

அலோன்சோ அந்த டிசம்பரில் ஐந்து ஆண்டுகளுக்கு 15.5 கோடி டாலர் பெற்றுக்கொண்டு பால்டிமோருக்குப் போய்விட்டார். மெட்ஸ் வரலாற்றில் அதிக ஹோம் ரன் அடித்தவர் அவர். அடுத்த சனிக்கிழமை கோயில் உணவகத்தில், செப்டம்பரில் இவர்களுக்கெல்லாம் இத்தனை கோடி எதற்கு என்று தோசையை ஆறவிட்டு ஆத்திரப்பட்ட அதே நண்பர், 15.5 கோடி ஒரு பெரிய தொகையா, அதைக்கூடக் கொடுக்கத் துப்பில்லையா என்று அதே மேசையில் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். பிறகு கைப்பேசியை எடுத்து, ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்தால் எவ்வளவு வரும் என்று பார்த்தேன். உண்மையிலேயே மலிவாகத்தான் தெரிந்தது.