நீளமா, வேகமா: எந்த விடையை நம்புவது?

கேள்வி: நான்கே எலக்ட்ரான்கள் எஞ்சிய டங்ஸ்டன் அயனிக்கு 2எஸ்² – 2எஸ்2பி நிலைமாற்ற வீதத்தை (ஒரு நொடியில் அந்த மாற்றம் நிகழும் வாய்ப்பை) கிராஸ்ப் (GRASP) என்ற அணுக்கட்டமைப்புக் கணினி நிரலில் கணக்கிட்டேன். அதே வீதத்தைத் தரும் இரு சூத்திரங்களான நீள வடிவத்துக்கும் வேக வடிவத்துக்கும் 12 விழுக்காடு வித்தியாசம். சராசரி எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். இரண்டும் ஒரே அலைச்சார்பிலிருந்து (எலக்ட்ரான்களின் நிலையைக் குறிக்கும் கணிதச் சார்பிலிருந்து) வருபவை. நீள வடிவம் அதன் வெளிப்பகுதியையும் வேக வடிவம் உட்பகுதியையும் கூடுதலாகச் சார்ந்திருக்கும். சராசரி எடுத்தால் கோளாறு மறையும், தீராது. (வெளியீட்டில் 'பி' (B) என்றிருப்பது பாபுஷ்கின், அதாவது நீளம், 'சி' (C) கூலும், அதாவது வேகம்.)

முதலில் இரட்டைப் பாரிட்டி (ஆயங்களைத் தலைகீழாக்கினாலும் குறி மாறாத) எலக்ட்ரான் அமைப்புகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். அங்கே 2எஸ்² தனியாக நின்றால் சந்தேகம் அதன் மேல்தான். கோண உந்தம் சுழியான 2பி² நிலைகள் இரண்டும் அதனோடு நன்றாகக் கலக்கும். மூன்றையும் முதன்மைத் தொகுப்பில் (தாவல்கள் தொடங்கும் அடிப்படை அமைப்புகளில்) வைக்க வேண்டும். பிறகு ஒற்றை, இரட்டைத் தாவல்களை (ஓரிரு எலக்ட்ரான்கள் மேல் ஆர்பிட்டல்களுக்கு மாறிய அமைப்புகளை) அடுக்கடுக்காகக் கூட்டுங்கள்: முதன்மைக் குவாண்டம் எண் 3, 4, 5, 6. ஒவ்வொரு முறையும் புதிய அடுக்கின் ஆர்பிட்டல்களை மட்டும் தளர்த்தி (கணக்கில் மாறவிட்டு), பழையதைத் தொடாமல் விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் கணக்கு பெரும்பாலும் குவியாது (நிலையான விடைக்கு வராது). புதிய ஆர்பிட்டலில் கணுக்களின் (சார்பு சுழியாகும் இடங்களின்) எண்ணிக்கை வழக்கம்போல் இல்லையென்றால் பதற வேண்டாம். 2எஸ், 2பி ஆகியவற்றில்தான் அது சரியாக இருக்க வேண்டும்.

கேள்வி: இரண்டு வடிவங்களும் 1 விழுக்காட்டுக்குள் ஒத்துவந்தால் பிழையும் அவ்வளவுதானே?

பதில்: இல்லை. மூன்று எலக்ட்ரான் கொண்ட யுரேனியத்தைப் பாருங்கள். 2எஸ் – 2பி1/2 இடைவெளி சுமார் 280.6 எலக்ட்ரான் வோல்ட். குவாண்டம் மின்னியக்கவியல் திருத்தம் (எலக்ட்ரான் மின்காந்தப் புலத்தோடு கொள்ளும் இடைவினையின் நுண்விளைவு) இதில் ஏறக்குறைய 42-ஐக் குறைத்த பிறகு வருவது இது. திருத்தத்தை விட்டுவிட்டால் இடைவெளி 15 விழுக்காடு கூடும். வீதம் ஆற்றலின் மூன்றாம் அடுக்குக்கு (கனத்துக்கு) நேர்விகிதம் என்பதால் விடை ஒன்றரை மடங்காகிவிடும். வேடிக்கை என்னவென்றால், அப்போதும் இரு வடிவங்களும் கிட்டத்தட்ட ஒத்தே போகும்!

திருத்திய ஆற்றலைப் போட்டதும்தான் அவை பிரியும்: நீள வடிவ வீதம் ஆற்றலின் மூன்றாம் அடுக்காகவும், வேக வடிவ வீதம் வெறும் முதல் அடுக்காகவும் மாறும். அந்த இடத்தில் நீளத்தை எடுங்கள். உங்கள் டங்ஸ்டன் வித்தியாசத்திலும் ஒரு பங்கு இப்படி வந்திருக்கலாம். திருத்தத்தை நீக்கி ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: ஆர்சிஐ (RCI, ஆர்பிட்டல்களை மாற்றாமல் அமைப்புகளை மட்டும் கலக்கும்) கட்டத்தில் நிரல் கேட்கும் கேள்விகளுக்கு என்ன பதில் தருவது?

பதில்: குறுக்கு ஃபோட்டான் இடைவினை, வெற்றிட முனைவாக்கம், தன்னாற்றல் மூன்றுக்கும் 'ஆம்' (பின்னிரண்டும் மேலே சொன்ன குவாண்டம் மின்னியக்கவியல் திருத்தத்தின் பகுதிகள்). முதலாவதில்தான் பிரெய்ட் இடைவினை (எலக்ட்ரான்களுக்கு இடையிலான காந்த, தாமத விளைவுகள்) இருக்கிறது. ஆர்பிட்டல் தேடும் கட்டத்தில் அது சேர்வதில்லை, இங்கே விட்டால் விட்டதுதான். ஃபோட்டான் அலைவெண்களை மாற்றவா என்றால் 'ஆம்', பெருக்கெண் 0.000001. மேலடுக்கு ஆர்பிட்டல்களின் ஆற்றலுக்கு இயற்பியல் பொருள் கிடையாது. அதிலிருந்து அலைவெண் எடுத்தால் பிரெய்ட் பகுதி கெட்டுப்போகும்.