ஒற்றைக் கிடார், தளர்ந்த தந்திகள்

கேள்வி: ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக்கின் ‘பிங்க் மூன்’ ஆல்பத்தில் ஒரே கிடார்தான். எப்படி அவ்வளவு நிறைந்து ஒலிக்கிறது? நான் வாசித்தால் வரவில்லையே?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: வழக்கமான சுருதியில் வராது. 1969-ல் வந்த முதல் ஆல்பத்தில் வயலின் பட்டாளமே உண்டு. 1971 அக்டோபரில், லண்டனில் இரண்டே இரவுகளில் பதிவான இதில் குரலும் கிடாரும்தான். தலைப்புப் பாட்டில் மட்டும் துளி பியானோ.

அந்தப் பாட்டுக்கு ஆறாம் தந்தியை, அதாவது மிகத் தடித்ததை, ஈ (E) சுரத்திலிருந்து சி (C) சுரத்துக்கு இறக்குங்கள். ஐந்து, நான்கு, மூன்று ஒவ்வொன்றும் ஒரு முழுச்சுரம் (இரண்டு ஃபிரெட் அளவு) கீழே. இரண்டாம் தந்தி அரைச்சுரம் (ஒரு ஃபிரெட் அளவு) மேலே. மெதுவாக, பழைய தந்தி அறுந்துவிடும். முதலாவதைத் தொடாதீர்கள். இரண்டாம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டை) கேப்போ, அதாவது எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி. மாட்டியபின் மறுபடி சுருதி பாருங்கள், தளர்ந்த தந்தி அந்த அழுத்தத்தில் ஏறிவிடும். ஆறாவது தொளதொளத்து ஃபிரெட்டில் அடித்து இரைந்தால் 0.056 அங்குலத் தடிமனுள்ள தந்தி போடுங்கள்.