1970-இல் அமெரிக்காவின் அஸ்பரி கல்லூரியில் எழுப்புதல் (பலர் ஒரே சமயத்தில் பக்தியில் புதிதாக உயிர்பெறும் கிறிஸ்தவ அனுபவம்) வந்து ஒரு வாரம் வகுப்பே நடக்கவில்லை என்கிறார் என் அமெரிக்க மாமியார். அது வருடாவருடம் நடக்கும் எழுப்புதல் வாரமா?

இல்லை, அது வேறு. எழுப்புதல் வாரம் என்பது தேதி குறித்து நடத்துவது: வெளியூர்ப் பிரசங்கியார், சிற்றாலய ஆராதனை, இரவுக் கூட்டம், கடைசியில் முன்னே வந்து ஜெபிக்க அழைப்பு. முன்னே போய் முழங்காலிடுபவர்களில் இரண்டு வகை உண்டு. சிலர் மனந்திரும்ப வருவார்கள். ஏற்கெனவே மனந்திரும்பியவர்கள் முழுப் பரிசுத்தம் (இதயம் பாவத்திலிருந்து முழுமையாகத் தூய்மையாவது) தேடி வருவார்கள். இந்த இரண்டாவது வகை, மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வழிக்கே உரியது. அந்த வாரத்திலும் வகுப்புகள் உண்டு.

1970 பிப்ரவரி 3, செவ்வாய், காலை 10 மணி. கென்டக்கியின் வில்மோரில், ஹியூஸ் அரங்கில் வழக்கமான 50 நிமிட ஆராதனை. பேச வேண்டிய டீன் கஸ்டர் ரெனால்ட்ஸ் பிரசங்கம் செய்யவில்லை; தன் சாட்சியை, அதாவது தன் விசுவாச அனுபவத்தைச் சொல்லிவிட்டு மாணவர்களையும் சொல்ல அழைத்தார். நேரம் முடிந்தும் கூட்டம் கலையவில்லை. தொடர்ந்து 185 மணி நேரம், அதாவது 7 நாளும் 17 மணி நேரமும் நீடித்தது. கல்லூரித் தலைவர் டெனிஸ் கின்லா அப்போது ஊரிலேயே இல்லை.

மாமியாரிடம் "யார் பிரசங்கித்தார்?" என்று கேட்டுப் பாருங்கள். சட்டென ஒரு பிரசங்கியார் பெயர் வந்தால், அவர் நினைவில் இருப்பது பெரும்பாலும் எழுப்புதல் வாரம். சாட்சி சொல்ல வரிசையில் நின்ற மாணவர்கள், பழைய சண்டைக்கு மன்னிப்புக் கேட்ட அறைத்தோழி என்று பேச்சு போனால் 1970.

அவர் படித்தது வில்மோரிலா என்பதையும் கேளுங்கள். அஸ்பரி மாணவர்கள் குழுக்களாகப் பிற கல்லூரிகளுக்கும் போய்ச் சாட்சி சொன்னார்கள். வேறு கல்லூரியில் இருந்தவரும் அதை 'அஸ்பரி எழுப்புதல்' என்றே சொல்வார். 1950, 1958-லும் அங்கே எழுப்புதல் உண்டு. ஆகவே படித்த ஆண்டுகளைக் கல்லூரி ஆண்டு மலரில் சரிபாருங்கள்.

புல்வெளியைச் சுற்றி நீண்ட வரிசை, ஊருக்குள் நுழைய முடியாத வாகன நெரிசல் என்றால் அங்கே மீண்டும் எழுப்புதல் வந்த 2023 பிப்ரவரியில் செய்திகளில் பார்த்தது நினைவில் கலந்துவிட்டது. அப்போது 6,000 பேர் வாழும் ஊருக்கு 50,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள்.

இன்னொன்று: மெதடிஸ்டு பேராயர் பிரான்சிஸ் அஸ்பரியின் பெயர் இருந்தாலும், 1890-இல் தொடங்கிய இக்கல்லூரி எந்தச் சபையின் நிர்வாகத்திலும் இல்லை. நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1905 எழுப்புதலின்போது அங்கே மாணவராக இருந்த இ. ஸ்டான்லி ஜோன்ஸ்தான் 1907-இல் மிஷனரியாக இந்தியா வந்தார்.