யார் என்று தெரிந்த பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் ஐந்தாறு நண்பர்கள். அனிமேஷன் தொடர்களைப் பார்ப்பதும் அதைவிட அதிகமாக அவற்றைப் பற்றிச் சண்டை போடுவதும்தான் வேலை. ‘கிராவிட்டி ஃபால்ஸ்’ தொடரில் அந்த மர்மக் குறிப்பேடுகளை எழுதியவர் கிழவர் ஸ்டானின் இரட்டைச் சகோதரர் என்பதை நான் பாதியிலேயே ஊகித்துவிட்டேன். “நீயே கண்டுபிடிச்சுட்டேன்னா அது என்ன ட்விஸ்ட்? எழுத்து சரியில்லை” என்கிறான் ஒரு நண்பன். ‘அட்டாக் ஆன் டைட்டன்’ தொடரில் ரைனரின் ரகசியம் வெளிப்படுவது மாதிரி இடி விழுந்தாற்போல் இருக்க வேண்டுமாம். எனக்கோ அந்த எபிசோட் ரொம்பவே பிடித்திருந்தது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. ஊகித்துவிட்டால் அந்தத் திருப்பம் தோற்றுவிட்டதா?

ம.

அன்புள்ள ம.,

(தொடர்களை இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம். முடிச்சை அவிழ்க்காமல் இதைப் பேச முடியாது.)

நீங்கள் ஊகித்ததில் எழுதியவர்களின் தவறு எதுவும் இல்லை. அனிமேஷனில் எதுவும் தற்செயலாகக் காட்சிக்குள் வந்து விழுவதில்லை. சுவரில் தொங்கும் படத்தைக்கூட யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். அதனால் ரசிகர்கள் ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தித் துழாவுவதில் நியாயம் உண்டு. (அவசரத்தில் வந்த வரைபிழையையும் ரகசியக் குறிப்பு என்று வாதாடுவார்கள். அது தனிக்கதை.) தன் பெயர் ஸ்டான்ஃபோர்ட் என்று ஊரை நம்பவைத்திருக்கும் ஸ்டானின் கார் நம்பர் பிளேட்டில் ஸ்டான்லி என்ற பெயரைச் சுருக்கி எழுதிவைத்தால், யாராவது பார்க்கத்தான் செய்வார்கள்.

பார்த்தார்கள். 2012இல் தொடர் தொடங்கியது, விடை வந்தது 2015இல். நடுவில் ஊகம் பரவுவதைக் கண்ட, தொடரை உருவாக்கிய அலெக்ஸ் ஹிர்ஷ் 2013இல் ஒரு வேலை செய்தார். தொடரில் வரும் இன்னொரு கிழவர் மெக்கக்கட்தான் குறிப்பேடுகளை எழுதியவர் என்று காட்டும் போலிப் படம் ஒன்றை, தொடரிலிருந்து கசிந்துவிட்டது போலத் தானே வெளியே விட்டார். அப்புறம் கோபம் வந்தவர் மாதிரி ஒரு ட்வீட் போட்டு உடனே அழித்துவிட்டார். நிறையப் பேர் நம்பினார்கள். எனக்கு இதில் பிடித்தது, மனிதர் கதையில் கை வைக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டார்களே என்று கடைசி நேரத்தில் விடையை மாற்றியிருந்தால், அதுவரை வைத்த குறிப்புகளெல்லாம் பொய்யாகியிருக்கும்.

சரி, விடை தெரிந்தும் உங்களுக்கு ஏன் பிடித்தது? அந்தக் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். நிலவறையில் எல்லோரும் எடையிழந்து மிதக்கிறார்கள். சகோதரரை மீட்க ஸ்டான் இயக்கும் இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்கு மேலே அவருடைய பேத்தி முறைச் சிறுமி மேபல். அழுத்து என்று கத்துகிறான் அவளுடைய இரட்டைச் சகோதரன் டிப்பர், வேண்டாம் என்று கெஞ்சுகிறார் ஸ்டான். அன்று காலைவரை அவர் சொன்னதில் பாதி பொய் என்று அவளுக்கு இப்போதுதான் தெரியும். நேரம் நொடி நொடியாகக் குறைகிறது. அவள் அழுதுகொண்டே, உங்களை நம்புகிறேன் என்று சொல்லிப் பிடியை விடுகிறாள். வரப்போகிறவர் யார் என்று நீங்கள் ஊகித்திருக்கலாம். அந்தக் கை என்ன செய்யும் என்று ஊகித்தீர்களா? நான் ஊகிக்கவில்லை.

உங்கள் நண்பர் சொல்லும் ரைனர் காட்சியிலும் இடி எங்கே விழுகிறது? 2017இல் வந்த அந்த எபிசோடில், மதில்மேல் மற்றவர்கள் வேறேதோ பேசிக்கொண்டிருக்க, பின்னணியில் ஓர் ஓரமாக நின்று, நான்தான் ஆர்மர்ட் டைட்டன், இவன் கொலோசல் டைட்டன் என்று (மதிலை உடைத்து எரெனின் ஊரை அழித்த ராட்சதர்கள் அவை) ரைனர் தன் படைத் தோழன் எரெனிடம் சொல்கிறான். சாயங்காலம் என்ன வேலை என்று சொல்கிற குரல். நீ களைத்துப்போயிருக்கிறாய் என்று எரென் சமாளிக்கப் பார்க்கிறான். குறிப்பும் முன்பே இருந்தது. கோட்டையில் கழிந்த இரவில் ஒரு மீன் டின் கிடைக்கிறதே, அதன் மேலுள்ள எழுத்து மதிலுக்குள் வாழ்பவர் யாருக்கும் படிக்கத் தெரியாதது. ஹெர்ரிங் என்று படைத் தோழி யிமிர் சாதாரணமாகப் படித்துவிடுகிறாள், ரைனர் அதைக் கவனித்துவிடுகிறான். அவனுக்கும் அந்த எழுத்து தெரியும். முதல்முறை பார்க்கும்போது நான் மீனைத்தான் கவனித்தேன். ரைனரின் ரகசியத்தைவிட, அதைச் சொல்லும் அளவுக்கு அவன் மனம் இரண்டாகப் பிளந்து கிடப்பதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ இரண்டாம் பருவத்தின் முடிவில், 2006இல், ரகசியமே கிடையாது. குகைக்குள், நீரை ஆளும் வித்தை தெரிந்த கடாரா, தான் சேமித்து வைத்திருந்த புனித நீரால், அதுவரை எதிரியாக இருந்த இளவரசன் ஸூக்கோவின் முகத்தழும்பை ஆற்ற முன்வருகிறாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான். சற்று நேரத்தில் அவன், எதிரியாக நிற்கும் தன் தங்கையின் பக்கம் போய்விடுகிறான். அந்தத் தங்கை அடித்த மின்னலில் விழுந்த, தொடரின் நாயகன் ஆங்கைப் பிழைக்க வைக்க அதே நீர் செலவாகிறது. ஸூக்கோ இப்படிச் செய்யக்கூடியவன் என்று நமக்குத் தெரியும். ஆனாலும் செய்யமாட்டான் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

அதே தொடர் 2008இல் முடிந்தபோது எனக்கு ஏமாற்றம்தான். பகைவனைக் கொல்வதா வேண்டாமா என்று ஆங் தவிக்கிறான். தன் முற்பிறவிகளான முந்தைய அவதாரங்களைக் கேட்கிறான், யார் சொல்வதும் அவனுக்கு உவப்பாக இல்லை. அந்த நேரத்தில் ஒரு சிங்க ஆமை வந்து, கொல்லாமலே பகைவனின் சக்தியைப் பறிக்கும் வித்தையைக் கொடுத்துவிட்டுப் போகிறது. சிங்க ஆமையின் படம் முந்தைய பருவத்திலேயே நூலகக் காட்சியில் வந்துவிட்டதே என்பார்கள். வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பையன் தானே எடுக்க வேண்டிய முடிவை ஓர் ஆமை எடுத்துக் கொடுத்துவிட்டது. குழுவில் இதைச் சொன்னால் பாதிப் பேர் உங்களோடு சண்டைக்கு வருவார்கள். என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.