விளம்பரக் காணொளிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்

கேள்வி: கோத்தகிரியில் தேயிலைத்தூள், நீலகிரித் தைலம், வீட்டில் செய்யும் சாக்லேட் ஆகியவற்றை விற்கும் சிறு கடை ஒன்றை நானும் என் தங்கையும் நடத்துகிறோம். மே மாத சீசனுக்குள் கடைக்கு ஒரு விளம்பரக் காணொளி எடுத்துவிட வேண்டும் என்று கோயம்புத்தூரில் உள்ள ஒரு குழுவிடம் பேசினோம். ட்ரோன் காட்சியுடன் மூன்று நிமிடக் காணொளி ஒன்றும் ஐந்து ரீல்ஸும் எடுத்துத் தர 45,000 ரூபாய், அதற்கு மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி என்கிறார்கள். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்கிறார்கள். எடிட் செய்த காணொளியை மட்டுமே தருவோம், உரிமை முழுவதும் எங்களுடையது என்றும் சொல்கிறார்கள். பேச்சு எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. இதற்கு ஒப்புக்கொள்ளலாமா?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: இந்த வடிவில் ஒப்புக்கொள்ள வேண்டாம். கோவையிலிருந்து கேமராக்களுடன் மலையேறி வந்து தங்கி வேலை செய்யும் குழு ஓரளவு முன்பணம் கேட்பது நியாயம்தான். ஆனால் முழுத் தொகையும் கைமாறிவிட்டால், குறையைத் திருத்தித் தரச் சொல்வதற்கு உங்களிடம் எந்தப் பிடியும் இருக்காது. தேதியை உறுதி செய்யும்போது ஒரு பங்கு, படப்பிடிப்பு முடிந்த அன்று ஒரு பங்கு, இறுதிக் கோப்புகள் உங்கள் கைக்கு வந்து நீங்கள் பார்த்த பிறகு மீதி என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். மீதித் தொகை சிறியதாக இருந்துவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது பணத்தைவிட உரிமை பற்றிய நிபந்தனைதான். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு இந்த இடத்தில் உங்கள் பக்கம் நிற்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டபடி, அவரிடம் பணம் பெற்று எடுக்கப்படும் ஒளிப்படத்துக்கும் திரைப்படத்துக்கும், மாறான ஒப்பந்தம் ஏதும் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் பதிப்புரிமையாளர் என்கிறது அது. விளம்பரக் காணொளியும் இந்தச் சட்டத்தின் கண்ணில் திரைப்படமே. ஆகவே நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே உங்களுடையதாக இருக்கும் உரிமையை, அவர்களுடைய நிபந்தனைக்குத் தலையாட்டுவதன் மூலம் நீங்களாகவே விட்டுக்கொடுக்கிறீர்கள். அடுத்த ஆண்டு வேறொருவரைக் கொண்டு அதே காட்சிகளிலிருந்து தீபாவளிக்கு ஒரு சிறு காணொளி தயாரிக்க நினைத்தால் அன்றைக்குத்தான் அதன் விலை தெரியும். உரிமை உங்களுடையது என்பது ஒன்று, எடிட் செய்யாத மூலக் காட்சிகளை ஹார்டு டிஸ்கில் ஒப்படைப்பது வேறொன்று. பின்னதைத் தனியாகப் பேசி எழுதிக்கொண்டால்தான் கேட்டு வாங்க முடியும். தங்கள் வேலையின் மாதிரியாகப் பிறருக்குக் காட்டிக்கொள்ள அவர்கள் அனுமதி கேட்டால் தாராளமாகக் கொடுங்கள்.

ஜிஎஸ்டி கேட்பவரிடம் 15 எழுத்துகள் கொண்ட ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு, அரசின் ஜிஎஸ்டி இணையதளத்தில் சரிபாருங்கள். தமிழ்நாட்டில் பதிவு பெற்றதாக இருந்தால் அது 33 என்று தொடங்கும். பதிவு பெறாதவர் வரி வசூலிக்கச் சட்டம் இடம் தரவில்லை.

வாட்ஸ்அப் உரையாடல் ஆதாரமாகப் பயன்படும் என்றாலும், நூறு செய்திகளுக்கு நடுவே எது இறுதி முடிவு என்பதில்தான் சண்டை வரும். ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். எத்தனை காணொளிகள், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், எது கிடைமட்டம், எது கைபேசிக்கான செங்குத்து வடிவம், எத்தனை முறை திருத்தம் இலவசம், பயணமும் தங்குமிடமும் யார் செலவு, எந்தத் தேதிக்குள் கோப்பு கைக்கு வரும் என்பவை அதில் இருக்க வேண்டும். இவற்றுடன் சமவெளிக்காரர்கள் எழுதும் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒன்றையும் சேருங்கள். மழையோ மூடுபனியோ வந்து படப்பிடிப்பு நின்றுவிட்டால் மறுநாளுக்கான செலவு யாருடையது என்பதே அது. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் கொட்டித் தீர்த்தால், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவம்தான் பெருமழை. ஏப்ரல், மே மாதங்களிலும் பிற்பகல் மழை உண்டு. ஆகவே வெளிப்புறக் காட்சிகளைக் காலையிலேயே முடித்துக்கொண்டு, கடைக்குள் எடுக்க வேண்டியவற்றைப் பிற்பகலுக்கு வைக்கச் சொல்லுங்கள். மே மாதத்தில் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சிக்கு வரும் கூட்டம் உங்கள் காணொளியைப் பார்க்க வேண்டுமானால், மார்ச் மாதத்திலேயே எடுத்து முடிப்பது நல்லது.

ட்ரோன் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை வணிக நோக்கில் பறக்கவிடுபவருக்கு விமானி சான்றிதழ் வேண்டும். ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலமா, முன் அனுமதி வேண்டிய மஞ்சள் அல்லது சிவப்பு மண்டலமா என்றும் பார்க்க வேண்டும். நீலகிரியில் வெலிங்டன் ராணுவப் பகுதி, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, முதுமலை புலிகள் காப்பகம் என்று ட்ரோனை நினைத்த இடத்தில் ஏற்ற முடியாத நிலப்பரப்பு நிறைய இருக்கிறது. மலை ரயிலை வணிகக் காணொளியில் காட்டப் படமெடுப்பதற்கு ரயில்வேயிடமும், வனப்பகுதிக்குள் எடுப்பதற்கு வனத்துறையிடமும் அனுமதி பெற வேண்டும். இத்தனையும் செய்து எடுத்த பிறகு கிடைப்பது, மலையில் உள்ள எந்தக் கடையின் விளம்பரத்திலும் வரும் அதே பச்சைச் சரிவுதான். உங்கள் கடைக்கு வந்தால் மட்டும் பார்க்கக்கூடியது எது? தங்கை சாக்லேட்டை அச்சில் ஊற்றுவது, நீங்கள் தேயிலைத்தூளை உள்ளங்கையில் வைத்து முகர்ந்து பார்த்துத் தரம் சொல்வது, முதல் டிகாக்‌ஷனின் நிறம் ஆகியவற்றை அருகில் நின்று நிதானமாக எடுக்கச் சொல்லுங்கள். ட்ரோனுக்கான தொகையைக் கழித்துப் புதிய கொட்டேஷன் கேளுங்கள்.

தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பை எதுவும் காட்சியில் இருக்கக் கூடாது, ஏனென்றால் உங்கள் காணொளியே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். தைலம் நோய்களைக் குணப்படுத்தும் என்ற வாசகத்தை எழுத்தாளர் எவ்வளவு அழகாக எழுதித் தந்தாலும் நீக்கிவிடுங்கள். தவறான விளம்பரத்துக்கு முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு.

பிணக்கு வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை நுகர்வோர் என்று ஏற்பதில்லை. சுயதொழிலால் பிழைப்பவர்களுக்குத் தரப்பட்டுள்ள விலக்கிலும் பொருள்கள் மட்டுமே குறிப்பிடப்பட்டிருக்கின்றன. எதிர்த்தரப்பு முதலில் எழுப்பப்போகும் ஆட்சேபம் இதுவாகத்தான் இருக்கும். அப்போது உரிமையியல் நீதிமன்றமே வழி, அங்கே உங்களைக் காப்பது கையெழுத்திட்ட அந்த ஒரு பக்கம்தான்.

கேள்வி: குன்னூரில் நாங்கள் நடத்தும் ஹோம்ஸ்டேக்காக எடுத்த காணொளியில் எடிட்டர் ஒரு திரைப்படப் பாடலைச் சேர்த்துவிட்டார். பதிவேற்றிய சில நாள்களில் ஒலி முடக்கப்பட்டுவிட்டது. பதினைந்து விநாடிக்குள் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொன்னவரே இப்போது இசையை மாற்றத் தனிக் கட்டணம் கேட்கிறார்.
— ஒரு வாசகர், குன்னூர்

பதில்: பதினைந்து விநாடி விதி என்று ஒன்று நம் சட்டத்தில் இல்லை. விளம்பரத்துக்குப் பாடலைப் பயன்படுத்த, அது எவ்வளவு சிறிய துண்டாக இருந்தாலும், உரிமையாளரின் அனுமதி வேண்டும். பதிவேற்றியவர் நீங்கள் என்பதால் பொறுப்பு உங்களையும் சேரும். ஆகவே முதலில் அந்தக் காணொளியை எல்லாத் தளங்களிலிருந்தும் எடுத்துவிடுங்கள். எடிட்டிங் கோப்பில் இசை தனி அடுக்காகவே இருக்கும், அதை மாற்றுவது பெரிய வேலை அல்ல. பயன்படுத்தத் தகாத பொருளைச் சேர்த்துத் தந்தது அவருடைய குறை என்பதால் கட்டணமின்றித் திருத்தித் தரும்படி தேதி குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் எடிட்டிங் கோப்பையாவது வாங்கிக்கொண்டு வேறொருவரிடம் கொடுங்கள். யூடியூபின் ஒலி நூலகத்தில் இலவச இசை கிடைக்கிறது, சிலவற்றுக்கு மட்டும் இசையமைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். ஒரு ஹோம்ஸ்டேவுக்கு இசையே வேண்டுமா என்றும் யோசியுங்கள். தகரக் கூரையில் விழும் மழைச் சத்தத்தையும் விடியற்காலைப் பறவை ஒலியையும் பதிவு செய்து சேர்த்தால், அங்கே வந்து தங்கப்போகிறவர் கேட்கப்போவதையே முன்கூட்டிக் கேட்பார்.

கேள்வி: கொடைக்கானலில் மலைப்பூண்டு விற்கிறேன். ஒரு யூடியூபர் 15,000 ரூபாய் கேட்கிறார். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் குணமாகும் என்று சொல்லி, தானே தேடி வந்து வாங்கியதுபோல் காட்டினால் நன்றாக விற்கும் என்கிறார்.
— ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: இரண்டுக்குமே மறுப்புச் சொல்லுங்கள். பணம் பெற்றுப் பரிந்துரைப்பவர் அதைப் பார்வையாளருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்பது இன்று கட்டாயம். உணவுப் பொருளைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும், நோய் தீர்க்கும் என்ற வாசகம் வேறு சட்டங்களிலும் சிக்கவைக்கும். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. நீங்கள் பயிரிடுபவராக இருந்தால், அதன் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொண்டு அந்தக் குறியீட்டைக் காணொளியில் காட்டுங்கள். வாங்கி விற்பவராக இருந்தால், பூண்டை விளைவித்தவரை அவர் சம்மதத்துடன் தோட்டத்திலேயே பேசவிட்டு எடுங்கள். அதற்கு உங்கள் கைபேசியே போதும்.